துணி போட்டு மூடின மிக்சி

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி, பாளையங்கோட்டையில எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டைப் பத்திச் சொல்லிடறேன்... சின்னக் கதைதான்.

வேதமாணிக்கம்னு ஒரு கணக்கு வாத்தியார். அவர் மனைவி ரூபவதி. வாத்தியாருக்கு கிளஸ்டர் தலைவலி. கேள்விப்பட்டிருக்கீங்களா? அவருக்கு வருஷத்துல ஒரு தடவை வரும். வந்தா ஒண்ணு ரெண்டு மாசம், தினமும், மணி அடிச்ச மாதிரி அதே நேரத்துக்கு. மண்டையில ஒரே பக்கம். அந்தப் பக்கத்துக் கண்ணுல மட்டும் தண்ணியாக் கொட்டும். படுக்க முடியாது, உட்கார முடியாது... சுவருக்குச் சுவர் நடந்துக்கிட்டே இருப்பார்.

அவருக்கு அது சாயங்காலம் நாலு மணி. ஆனா அந்த வீடு நாள் பூரா மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கும். டிவி கிடையாது. மிக்சியைத் துணி போட்டு மூடியாச்சு. ஏழு வாரமா இட்லிக்குப் பொடிதான்!

டாக்டர் சொன்னாராம், "தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனைன்னு எழுதி வைங்க." எந்தப் பிள்ளைக்கும் பத்துக்கு ஏழு மார்க்குக்கு மேல போடாத மனுஷர்... தலைவலிக்குப் போட்டார் பாருங்க, பத்துக்குப் பத்து!

ஒரு நாள் மூன்றரை மணி. நாற்காலியிலேயே அவர் கண்ணசந்துட்டார். ரூபவதி எழுப்பக் கையை நீட்டிட்டாங்க. ஏன்? இந்த நாட்கள்ல பகல்ல தூங்கினா அவருக்கு வலி நிச்சயம். எழுப்பணுமா? ஏழு வாரத்துல முதல் நல்ல தூக்கம்... எப்படி எழுப்ப? வலி வந்தா அவர் மூச்சிழுக்கற ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையில வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்துட்டாங்க.

நாலு ஆச்சு... நாலரை ஆச்சு...

கை சும்மா இருக்கல. வலிக்கு அவர் மார்க் போடற நோட்டை எடுத்து, முதல் தடவையா, பின்னால போய் முதல் பக்கத்துலேருந்து புரட்டினாங்க. பத்து. பத்து. ஒன்பது. அப்புறம் எட்டு... ஆறு... நாலு. 'வரவில்லை.' மூணு. 'வரவில்லை.' 'வரவில்லை.' எல்லாம் அவர் கையெழுத்து!

அஞ்சு மணிக்குக் கண் முழிச்சார்.

"ரூபா, மணி என்ன?"

"அஞ்சு."

"அஞ்சா! ஏன் எழுப்பல? ஏன் அழுற... யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார். உங்க தலைவலி ஃபெயிலாயிட்டு. மார்க்கைப் பாருங்க."

அவர் பார்த்தார். பக்கம் பக்கமாப் புரட்டினார். "இதெல்லாம் நான் எழுதினதா?"

"பின்ன, நானா எழுதினேன்?"

நெத்தியை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கிட்டார். "சந்தோஷப்படவே பயமா இருக்கு, ரூபா."

"நீங்க பயந்துக்கிட்டே இருங்க. நான் போய் சட்னி அரைக்கேன்."

அன்பானவங்களே, உங்கள்ல பாதிப் பேர் வீட்ல யாரையோ பார்த்துக்கிட்டு இருக்கறவங்க. உங்களைத்தான் கேட்கறேன். வலி வரும்போது கதவை உடைச்சுக்கிட்டு வருது. போகும்போது சொல்லிட்டா போகுது? ஒரு நாள் தாமதமா வரும். ஒரு நாள் சீக்கிரம் கிளம்பும். ஒரு நாள் வராது... அந்த வராத நாள்லயும் நாம மாஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்! மருந்தை நிறுத்தறது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம். ஆக்சிஜன் சிலிண்டர் மூலையிலேயே இருக்கட்டும். அடுத்த வருஷம் வலி திரும்பி வரலாம். ஆனா வராத நாளும் நம்ம நாள்தானே?

வீட்டுக்குப் போனதும் உங்க நோட்டையும் பத்துப் பக்கம் பின்னால புரட்டிப் பாருங்க. உங்க வீட்லயும் மூடி வச்ச மிக்சி ஒண்ணு இருக்கும்...

அந்தத் துணியை எடுங்க.