பூஜ்ஜியத்தை நம்பாத அம்மையாருக்கு

ஐயத்தையே அணிகலனாய் அணிந்தவரே! அயல் கணினி அனுப்பும் பதில் ஒவ்வொன்றையும் அடையாளம் கேட்டே உள்ளே விட்டவரே! முகத்துக்கு நேரே அக்கா என்றும், முதுகுக்குப் பின்னே 'சோதனைச் சாவடி' என்றும் எங்களால் அழைக்கப்பட்ட மூத்த பொறியாளரே! பணி நிறைவு நாளில் தங்களை வணங்கி இம்மடலை வாசிக்கிறோம்.

கட்டடத் தளங்களில் வானளாவ நிற்கும் கிரேன்களின் கேபினுக்குள் நாம் எழுதிய திரை இருக்கிறது. காற்று அளவோடு அடித்தால் பச்சை, சுமையைத் தூக்கலாம்; மிஞ்சினால் சிவப்பு, தூக்கக் கூடாது. காற்றின் வேகத்தைச் சொல்வது வேறொரு நிறுவனத்தின் வலைச்சேவை. நம் நிரல் கேட்கும், அது பதில் அனுப்பும். பதில் எண்ணாகத்தான் வரும் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்றோம் நாங்கள். "எழுதிக் குடுத்தவங்க வேற, அனுப்புற மெஷின் வேற," என்றீர்கள் தாங்கள். வந்தது எண்ணா, எழுத்தா, வெற்றிடமா, மணிக்குக் கிலோமீட்டரா, நொடிக்கு மீட்டரா என்று துருவித் துருவிப் பார்த்து, தேறியதற்கு மட்டுமே 'காற்று' என்ற முத்திரையைக் குத்தி உள்ளே விடும் சாவடியொன்றை நிரலில் நிறுவினீர்கள். தேறாவிட்டால் 'தெரியவில்லை' என்று திரை சிவக்கும்.

எங்களையும் தாங்கள் விட்டுவைக்கவில்லை. தேநீர் இயந்திரத்தில் பால் பொத்தானை அழுத்திவிட்டு, விழுவது பால்தானா என்று குவளைக்குள் எட்டிப் பார்ப்பவர் தாங்கள். பதிலுக்கு நாங்களும் தங்களைச் சந்தேகித்தோம். இத்தனை முட்டுக்கட்டை போடுகிறவருக்குப் போட்டி நிறுவனத்தோடு ஏதும் தொடர்போ என்றுகூடச் சாப்பாட்டு மேசையில் குசுகுசுத்தோம்.

எதையும் அவசரமாய் முடிப்பதால் எக்ஸ்பிரஸ் என்று நாம் அழைக்கும் சக பொறியாளரைச் சொல்லாமல் இம்மடல் நிறையாது. சிவப்பு வந்து வந்து வேலை நிற்கிறது என்று ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் அவரைப் போனில் பிடித்து உலுக்கினார். எக்ஸ்பிரஸுக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தளத்துக்கு மட்டும் சாவடியைச் சுற்றிப் போக வழி வெட்டினார். 'வருவது எண்தான், என்னை நம்பு' என்று, நிரலைச் சரிபார்த்து உருவாக்கித் தரும் கம்பைலருக்கு ஒரே வரியில் சத்தியம் செய்தார். அது பாவம், நம்பியது. மறுநாளிலிருந்து சிவப்பும் இல்லை, புகாரும் இல்லை. எக்ஸ்பிரஸ் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

புகார் நின்றதில் மகிழ்ந்தோம் நாங்கள், துணுக்குற்றீர்கள் தாங்கள். உள்ளூரிலேயே இருந்த அந்தத் தளத்தின் திரையை இங்கிருந்தே திறந்தால், காற்று பூஜ்ஜியம். ஜன்னலுக்கு வெளியே மரங்களோ தலைவிரித்து ஆடுகின்றன. உடனே கிரேன் கேபினுக்குப் போன் போட்டீர்கள்.

"தம்பி, மேல காத்து எப்படி இருக்கு?"

"பேய்க் காத்தும்மா, கேபினே ஆடுது. ஆனா திரை பச்சை காட்டுதே?"

"கொக்கில என்ன மாட்டியிருக்கு?"

"கண்ணாடிப் பலகைங்க. தூக்கு தூக்குன்னு கீழேர்ந்து கத்துறாங்க."

"தூக்காத."

"நீங்க யாரும்மா அதைச் சொல்ல?"

"அந்தத் திரையை எழுதினவ. நானே சொல்றேன், அதை நம்பாத."

காற்றுமானி பழுதாகியிருந்தது. வலைச்சேவை வெற்றிடத்தை அனுப்ப, அது எக்ஸ்பிரஸின் வரி வழியே நுழைந்து பூஜ்ஜியமாகி, பூஜ்ஜியம் பச்சையாகிவிட்டது. கண்ணாடி தரையிலேயே கிடந்தது. கீழே நின்றவர்கள் மாலையில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்கு யார் விருது தருவார்? வேலை கெட்டது என்ற கண்டனம்தான் தங்களுக்கு வந்தது. கண்டனத்தை மடித்து வைத்துவிட்டு நிரலைத் திருத்திக் கட்டினீர்கள்: சாவடியைத் தாண்டாத எந்த எண்ணும் இனி எந்தத் திரையையும் எட்டாது, எட்டவைக்க முயன்றால் கம்பைலர் முரண்டு பிடிக்கும்.

அம்மையீர்! தாங்கள் போன மறுநாளே சாவடியைப் பெயர்த்துவிடுவோம் என்று சில வாரங்களாகத் தங்களுக்கு ஓர் ஐயம். அது வீண் ஐயமன்று. அதே ஒப்பந்தக்காரர் தம் தளங்கள் அத்தனையையும் நமக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார், 'தெரியவில்லை' என்ற சிவப்பு கூடாது என்ற நிபந்தனையோடு. நேற்றுப் பிற்பகல், தாங்கள் மேசை இழுப்பறையை ஒழித்துக்கொண்டிருந்த நேரத்தில், மேலாளர் எக்ஸ்பிரஸை அழைத்தார். எக்ஸ்பிரஸ் சாவடியை நீக்கிப் பார்த்தார். திரை முழுக்கப் பிழை. நிரல் உருவாகவே மறுத்தது.

"வேற வழியே இல்லையா?" என்றார் மேலாளர்.

வழி எக்ஸ்பிரஸுக்குத் தெரியும். அன்று செய்த அதே ஒற்றை வரிச் சத்தியம் இன்றும் செல்லும். முரண்டு பிடிக்கும் கம்பைலரும் சத்தியம் செய்தால் இன்றும் நம்பும். விரல்கள் விசைப்பலகை மேல்தான் இருந்தன. 'கேபினே ஆடுது' என்ற குரலை அன்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டவர் அவர்.

"இருக்கு சார். ஒரே வரி."

"அப்புறம் என்ன, போடுங்க."

"போட மாட்டேன் சார். காத்தடிக்கிற அன்னிக்கு நீங்க ஒரு தடவை அந்த கேபின்ல ஏறி உக்காந்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

"நீங்க யாராவது?" என்று மேலாளர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரவர் திரையைப் பார்த்தோம். அவர், "சரி, சிவப்போட வேணும்னா வரட்டும்னு ஒப்பந்தக்காரருக்கு எழுதிடறேன்," என்று போய்விட்டார். இன்று காலை எழுதியும்விட்டார். ஒப்பந்தக்காரரிடமிருந்து பதில் இல்லை, வராமலே போகலாம். சாவடி நிற்கிறது.

உடல் நலத்தோடும் உள்ள நிறைவோடும் நெடுங்காலம் தாங்கள் வாழ வேண்டும். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். ஆதாரம் இல்லை, ஆசைதான். நேற்று நடந்ததாக நாங்கள் சொன்னதையும் நம்ப வேண்டாம். நினைத்த நாளில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிரலைத் திறந்து பாருங்கள். நுழைவு அட்டையை மட்டும் விதிப்படி இன்றே முடக்குகிறோம், முடக்காவிட்டால் அதற்கும் திட்டுவீர்கள். வாசலில் நின்று ஒரு குரல் கொடுங்கள், எக்ஸ்பிரஸ் ஓடி வந்து திறப்பார்.

இப்படிக்கு,
தங்களால் ஒருநாளும் முழுதாக நம்பப்படாத,
அதற்கு என்றும் நன்றி மறவாத,
அலுவலகத்தார் அனைவரும்