பாவு தறியிலேயே இருக்கும்

அடுத்த தெருவில் கூலிக்கு நெய்கிற கமலாட்சி அக்காவின் தறியில் டீயைக் கொட்டியது நான்தான். மாம்பழ நிறப் பட்டு, சேலை பாதி நெய்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் கையில் கிடைத்ததை எடுத்து என்னை அடித்திருப்பார்கள். அக்கா, "பரவால்லப்பா, உக்காரு" என்று இன்னொரு டீ போட்டார். அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் என்னோடு பேசுவது மிக்ஸி மட்டும். அதுவும் இப்போது ரிப்பேர்.

கணவர் இறந்தபோது வந்த இன்ஷூரன்ஸ் பணத்தை அக்கா முட்டி ஆபரேஷனுக்கென்று வைத்திருந்தார். தறிக்குழியில் இறங்கி ஏறியே தேய்ந்த முட்டி. சும்மா கிடக்கிற பணம் வேலை செய்யட்டுமே என்றேன். அவர் பேரில் கணக்குத் திறந்து, பணத்தைக் கடன் பத்திரத்தில் போட்டு, அந்தப் பத்திரத்தையே வெள்ளி ஃபியூச்சர்ஸ் வியாபாரத்துக்கு ஈடாக வைத்தேன். ஈடாக நின்றபடியே அது வட்டியும் ஈட்டும். நீளவாட்டில் கட்டிய பாவு தறியிலேயே இருக்கும், குறுக்கே ஊடை இழை மட்டும்தான் ஓடும் என்று அக்காவுக்கு விளக்கினேன். நெசவுக்காரருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வியாபாரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மாதாமாதம் வட்டியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். போனிலேயே அனுப்பியிருக்கலாம். போன் டீ கொடுக்காது.

வெள்ளி விலை இறங்கும் என்று பந்தயம் கட்டினேன். வெள்ளிக்கு அந்த விவரம் தெரியவில்லை. ஏறிக்கொண்டே போனது. தரகுக் கம்பெனிக்காரர்கள் ஈட்டை விற்று நஷ்டத்தைக் கழித்துக்கொண்டார்கள். பாவே அறுந்துபோனது.

அதன் பிறகும் என் சம்பளத்திலிருந்து வட்டி கொடுத்தேன், சார். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஆபரேஷன் பேச்சு வரும்போதெல்லாம், இப்போது எடுத்தால் வட்டி போய்விடும் என்று தள்ளிப்போட வைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்குவதைப் பார்த்தபடி டீ குடிப்பேன். நல்ல டீ.

நேற்று, இனித் தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொல்லி, அக்கா பணத்தைக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. எனக்குத் தைரியம் வந்தது. பணம் போனால் போகிறது, நம் பழக்கம் போகக்கூடாது என்றேன். அன்று டீயைக் கொட்டியபோதுகூட நீங்கள் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லையே என்றேன்.

அக்கா முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அந்தச் சேலைக்கு மொதலாளி எங்கூலியில புடிச்சிக்கினாருப்பா. அப்பவே எம்பணம் உங்கையில இருந்துச்சி. வேற இன்னா சொல்றது?"