மேசையில் கேட்டதை மேசையிலேயே விட்டவருக்கு

முப்பத்தோராண்டு எங்கள் முழங்கால் அறிந்த, முதுகறிந்த, மூச்சறிந்த பெரியவரே! காயம் கண்டு கலங்காதவரே, கைதட்டல் கேட்டு மயங்காதவரே! கோல் விழுந்த நொடியில் ஊரே எழுந்து நின்று கூவியபோதும், புல்லில் விழுந்து கிடந்தவன் பக்கமே பார்த்திருந்த கண்ணினரே! ஓஸ்டர்ஸைல் கால்பந்துக் கழக வீரர்களின் உடல் பராமரிப்பாளர், மதிப்பிற்குரிய ரைன்டர் போஸ்மா அவர்களே!

பணி நிறைவு பெறும் இந்த நாளில் உங்களை வணங்கி இம்மடலை வாசிக்கிறோம். இத்தகைய மடல் ஒருவரின் நற்குணங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். உங்களிடம் அவை நிறைய உண்டு. சொல்வோம். ஆனால் இந்த மடலுக்குள் ஒரு வாக்கியம் இருக்கிறது. கழகப் பணியாளர்களான நாங்கள் பதினான்கு பேரும் ஓராண்டாகச் சொல்லாமல் தள்ளிப்போட்ட வாக்கியம் அது. இன்று மாலை நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரை அணை வழியாக வீட்டுக்குப் போய்விட்டால், அதைச் சொல்ல எங்களுக்கு இன்னொரு நாள் வாய்க்காது. அதற்காகவே எழுதினோம்.

படகுத்துறையில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த கைகளோடு வந்தீர்கள். பகலில் கயிறும் மாலையில் வகுப்பும் என்று இரண்டு குளிர்காலம் படித்து உடல் பராமரிப்புச் சான்றிதழ் வாங்கினீர்கள். அந்தக் கைகளைப் பார்த்து முதல் நாள் விளையாட்டு வீரர்கள் பயந்தார்களாம். நீங்கள் பிடித்துவிடும் மேசையில் படுத்த பிறகு தூங்கிவிட்டார்களாம். ஒவ்வொருவர் வருமுன்னும் வெந்நீரில் கையை நனைத்துச் சூடேற்றிக்கொள்வீர்கள். தோலைக் கீறும் என்று கைக்கடிகாரம் கட்டியதில்லை. திருமண மோதிரத்தையும் கழற்றி ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் தொடுவீர்கள். உங்கள் மனைவி மறைந்த பிறகும் அந்த மோதிரம் காலையில் தட்டுக்குப் போய் மாலையில் விரலுக்குத் திரும்பியது.

உங்கள் அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. மேசையில் சொன்னது மேசையோடு. கால் வலி என்று படுத்தவர்கள் கடனைச் சொன்னார்கள், காதலைச் சொன்னார்கள், தகப்பனைப் பிடிக்கவில்லை என்று சொன்னார்கள். ஆட்டக்காரர்கள் மட்டுமா? முதுகு பிடித்துக்கொண்டது என்று நாங்களும் படுத்தோம், நாங்களும் சொன்னோம். ஒரு சொல் அந்தக் கதவைத் தாண்டி வந்ததில்லை. அந்தச் சட்டத்தால் இருபத்தெட்டு ஆண்டு நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அதே சட்டத்தின் பொருட்டு உங்களை இரண்டு ஆண்டு தண்டித்தோம்.

மார்னிக்ஸ் தால்ஸ்ட்ரா எட்டு வயதில் இங்கே வந்தான். இறால் படகுக்காரரின் மகன். இருபத்தாறு வயதில் ஒரே பருவத்தில் இருபத்திரண்டு கோல் அடித்தான். மூன்று கோடைக்கு முன் அவனைத் தேடி இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, இத்தாலியின் நூறாண்டுப் பழைய கழகத்திலிருந்து. துறைமுக மதுக்கடையில் நாற்பது ஆண்டாக ஞாயிறுதோறும் நாம் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த கழகம் அது. சுவரில் அதன் சட்டை தொங்குகிறது. நம் ஊர்ப் பையன் அந்தச் சட்டையைப் போடப் போகிறான் என்று பெரியவர்கள் கண் கலங்கினார்கள். மற்றொன்று, வளைகுடாவில் புதிதாக முளைத்த லீக்கிலிருந்து. அங்கே சம்பளம் ஆறு மடங்கு. மார்னிக்ஸ் வளைகுடாவுக்குக் கையெழுத்துப் போட்டான்.

ஊர் கொதித்தது. ஆடுகளத்தின் புல்தரையைப் பராமரிக்கும் கெர்பன் உணவுக்கூடத்தில் சத்தமாகச் சொன்னதை நாங்கள் எல்லோரும் ஒரு வாரம் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தோம்.

"மணல்தான் வேணும்னா தீவுக்குப் படகு இருக்கே. சாயங்காலமே வீட்டுக்கு வந்துடலாம்."

கோபத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பையனோ போய்விட்டான். அந்த நேரத்தில் யாரோ எடுத்த ஒரு படம் ஊரெங்கும் கைபேசிகளில் சுற்றியது. ரயில் நிலைய மேடையில் மார்னிக்ஸ் நிற்கிறான். அவன் பையை நீங்கள் சுமந்துகொண்டு நிற்கிறீர்கள். அவ்வளவுதான் அந்தப் படம். அதிலிருந்து, அவனைப் போகச் சொன்னதே ரைன்டர்தான் என்று பேச்சு கிளம்பியது. அடுத்த வாரம், அவனை வளைகுடாவுக்குச் சேர்த்துவிட்ட தரகன் கொடுத்த தங்கக் கடிகாரம் ரைன்டர் வீட்டில் இருக்கிறது என்று வளர்ந்தது. கடிகாரம் எங்கே என்று ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர், கட்டினால் மாட்டிக்கொள்வாரே, அதனால்தான் வெறுங்கையோடு வருகிறார் என்றார். இருபத்தெட்டு ஆண்டாகக் கடிகாரமே கட்டாத மணிக்கட்டை நாங்கள் சாட்சிக்கு இழுத்தோம்.

யாரும் உங்களைத் திட்டவில்லை. நம் ஊரில் திட்டமாட்டார்கள். நீங்கள் உணவுக்கூடத்துக்குள் வந்தால் பேச்சு நிற்கும். நீங்கள் உட்கார்ந்த மேசையிலிருந்து ஒருவர் காப்பி எடுக்க எழுவார், திரும்ப வேறு மேசைக்குப் போவார். பிறகு இன்னொருவர். ஒரு மாதத்தில் நீங்களாகவே தட்டை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்குப் போய்ச் சாப்பிடத் தொடங்கினீர்கள். எங்களுக்கு அது வசதியாக இருந்தது.

அடுத்து வந்த பிப்ரவரியில் உங்களுக்கு அறுபத்தைந்து வயது நிறைந்தது. பிறந்தநாள் யாருடையதோ அவர்தான் கேக் கொண்டுவர வேண்டும் என்பது நம் வழக்கம். இஞ்சியும் சோம்பும் போட்ட கேக்கை வழக்கம்போல வீட்டிலேயே துண்டு போட்டுத் தகரப் பெட்டியில் கொண்டுவந்தீர்கள். பதினான்கு துண்டுகள். ஒவ்வொருவரும் எழுந்துவந்து கை குலுக்கி வாழ்த்த வேண்டும். ஒருவர் இப்போதுதான் சாப்பிட்டேன் என்றார். ஒருவர் சர்க்கரை வியாதி என்றார். மற்றவர்கள் எழுந்தே வரவில்லை. பத்தரை மணிவரை பெட்டி மேசைமேல் திறந்திருந்தது. பிறகு மூடினீர்கள். மறுநாளிலிருந்து தினமும் பத்தரை மணிக்கு உங்கள் அறையில் ஒரு துண்டு எடுத்து, காப்பியோடு, சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். பதினான்கு வேலைநாட்கள். நடைபாதையில் போகும்போது நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒவ்வொருவர் பங்கையும் அவரவருக்காக நீங்களே தின்று தீர்த்தீர்கள். மறு ஆண்டு நீங்கள் கேக் கொண்டுவரவில்லை. அதையும் ஒரு குறையாகப் பேசினோம்.

ஒரே ஒரு முறை ஒருவர் உங்களிடம் நேராகக் கேட்டார். அது கெர்பன். ஆடுகளத்தின் ஓரத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது.

"ஒரு வார்த்தை சொல்லு ரைன்டர். போகச் சொன்னியா, இல்லையா? இல்லைன்னு சொல்லு, நானே எல்லார் வாயையும் அடைக்கிறேன்."

ஒரு வார்த்தை போதும். உங்கள் நாற்காலி உங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். நீங்கள் தொப்பியில் இருந்த மழைநீரை உதறினீர்கள்.

"மேசையில கேட்டத நான் வெளிய பேசறதில்ல கெர்பன். நீ படுத்தப்பவும் பேசல."

கெர்பனின் மனைவி விட்டுப் போன குளிர்காலத்தில், அந்த மேசையில் முகம் கவிழ்ந்து கிடந்து அவர் அழுததை இப்போது அவரே எங்களிடம் சொன்னார்; இந்த மடலில் எழுதச் சொன்னதும் அவரே. அன்றைக்கு ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டியதை அவர் மிரட்டலாக எடுத்துக்கொண்டார். ரைன்டர் என்னை மிரட்டுகிறான் என்று ஊரெல்லாம் சொன்னார். அதன் பிறகு மேசையில் படுப்பவர்களும் வாய் திறக்கவில்லை. உங்கள் அறை ஊமையாயிற்று. நீங்கள் அப்போதும் வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டீர்கள். கையில் ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை என்று அந்த அணியில் ஆடியவர்கள் சொல்கிறார்கள்.

போன ஆண்டு வசந்தத்தில், ஒரு ஞாயிறு பிற்பகல், ரசிகர்கள் நிறைந்த உணவுக்கூடத்துக்குள் மார்னிக்ஸ் ஊன்றுகோலோடு வந்தான். இருபத்தெட்டு வயது. அவன் ஆட்டம் முடிந்துவிட்டது என்று செய்தித்தாளில் படித்திருந்தோம். கிண்டல் செய்யக் காத்திருந்தவர்களும் அந்தக் காலைப் பார்த்து அடங்கினார்கள். அவன் சுற்றிப் பார்த்து, ரைன்டர் எங்கே என்று கேட்டான். அவர் இங்கே உட்காருவதில்லை என்று சமையற்கூடத்து ஹில்யே சொன்னார். ஏன் என்றான். கொஞ்சம் கொஞ்சமாக அவனே கேட்டுத் தெரிந்துகொண்டான். பிறகு உட்காராமலே பேசினான்.

"முழங்கால் போயிடுச்சுன்னு மொதல்ல கண்டுபிடிச்சது அவரு. ஸ்கேன் அப்புறந்தான். எத்தன வருஷம் தாங்கும்னு கேட்டேன், ரெண்டுன்னாரு. அவ்ளோதான் அவரு சொன்னது. இத்தாலிக்காரன் அஞ்சு வருஷத்துக்கு ஆள் தேடினான். அவன் டாக்டர் என்னத் திருப்பி அனுப்பியிருப்பான். வளைகுடாவுல ரெண்டு வருஷம் போதும்னாங்க, ஸ்கேனப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க. வெளிய தெரிஞ்சா எதிரணிக்காரன் அந்த முழங்காலத் தேடி உதைப்பான், அதனால யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நாந்தான் கேட்டுக்கிட்டேன். காசுக்காகத்தான் போனேன். அதுல பொய்யில்ல. ஆனா அது என் முடிவு."

போவதற்குத் திரும்பியவன், மறுபடியும் நின்றான்.

"அங்க எல்லாம் இருந்துச்சு. பெரிய வீடு, நீச்சல் குளம். பேச ஆளில்ல. காலி இருக்கைங்க முன்னாடி ஆடிட்டு வந்து, ஞாயித்துக்கெழம அவருக்குப் போன் போடுவேன். ஆட்டத்தப் பத்திப் பேசமாட்டோம். இங்க காத்து எந்தப் பக்கம்னு கேப்பேன், வடமேற்குன்னு சொல்லுவாரு. உணவுக்கூடத்துல எல்லாரும் சௌக்கியமான்னு கேப்பேன். எல்லாரும் நல்லாருக்காங்க, உன்ன விசாரிச்சாங்கம்பாரு."

உன்னை விசாரித்தார்கள். இரண்டு ஆண்டு, ஞாயிறுதோறும், பேச ஆளில்லாத நீங்கள், பேச ஆளில்லாத இன்னொருவருக்கு எங்கள் பெயரால் நலம் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நாங்கள் உங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை, "அந்த ஆள்" என்போம்.

அதன் பிறகு என்ன செய்தோம்? மன்னிப்புக் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை எல்லோரும் வழக்கத்தைவிடச் சற்று உரக்க வணக்கம் சொன்னோம். உங்கள் சைக்கிளின் அறுந்த பிரேக் கம்பியை யாரோ மாற்றி வைத்தார்கள். உணவுக்கூடத்தில் உங்களுக்கு இடம் விட்டு உட்கார்ந்தோம். நீங்கள் நன்றி சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு, பழகிப்போன உங்கள் அறைக்கே போனீர்கள். ஓராண்டாகப் போகிறீர்கள். கோபம் என்று முதலில் நினைத்தோம். இப்போது அப்படி நினைக்கவில்லை. கூடத்தில் எப்படி உட்காருவது என்பதையே உங்களுக்கு மறக்கச் செய்துவிட்டோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறோம். மார்னிக்ஸ் வந்து சொல்லாமலே இருந்திருந்தால், இன்று இங்கே உங்கள் பொறுமையையும் கடமையையும் நான்கு பத்தி புகழ்ந்து, கைதட்டி, பூங்கொத்துக் கொடுத்து அனுப்பியிருப்போம். வெளியே போய்க் கடிகாரத்தைப் பற்றியும் பேசியிருப்போம். நீங்கள் குற்றமற்றவர் என்று தெரிந்ததால் வருந்துகிறோம் என்றால் அது பாதிதான். நீங்களே அவனைப் போகச் சொல்லியிருந்தாலும், அவன் வெறும் காசுக்காகவே போயிருந்தாலும், ஒரு மனிதரை இரண்டு ஆண்டு தனியே சாப்பிட வைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

ஆகவே அந்த வாக்கியம் இது. ரைன்டர், நாங்கள் உங்களுக்குப் பிழை செய்தோம்.

பதில் வேண்டாம். தலையசைக்கவும் வேண்டாம். கேட்டால் போதும்.

ஊருக்கெல்லாம் உழைத்த கைகள் இனி உங்களுக்கென்று உழைக்கட்டும். வடமேற்குக் காற்றிலும் உங்கள் மூட்டுகள் வலியின்றி இருக்கட்டும். ஆண்டுகள் பல நீங்கள் நலமாக, நல்ல உறக்கத்தோடு, தேடி வருபவர்களோடு வாழ வேண்டும். தேடி வருவது எங்கள் வேலை. வந்து கதவைத் தட்டினால் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம். இம்மடலைச் சட்டமிட்டுத் தந்திருக்கிறோம். சுவரில் மாட்ட மனமில்லாவிட்டால் மாட்ட வேண்டாம்.

"கழகப் பணியாளர் அனைவரும்" என்று கீழே போடுவது முறை. அனைவரும் என்ற சொல்லுக்குப் பின்னால்தான் நாங்கள் இதுவரை நின்றிருந்தோம். அதனால் பதினான்கு பேரும் தனித்தனியே கையெழுத்திட்டிருக்கிறோம். பத்துப் பேர் பெயர் மட்டும் போட்டார்கள். அவை மடலின் பின்பக்கம் உள்ளன. நால்வர் ஒரு வரியும் எழுத இடம் கேட்டார்கள்.

ஹில்யே, சமையற்கூடம். பட்டாணி சூப்பை எல்லோருக்கும் அடியிலிருந்து கிளறி ஊற்றினேன். உங்களுக்கு மட்டும் மேலாக, தண்ணீராக.

அனமீக், அலுவலகம். அந்த ஆண்டின் அணிப் படத்தில் நீங்கள் நின்ற வலது ஓரத்தை வெட்டியது அச்சுக்காரர் இல்லை. நான்.

கெர்பன், புல்தரை. பையன் இத்தாலிக்கு முயற்சியாவது செய்திருக்க வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அதை உங்களோடு உட்கார்ந்து வாதாட வேண்டியவன் நான்.

ஃபெம்கே, சலவை அறை. நான் உங்களுக்கு எதிராக எதுவும் பேசவில்லை, எதுவும் செய்யவில்லை. உங்கள் அறைக்கு எதிர் அறையில்தான் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.