கடைசி ஜெபத்துக்கு முன் எழுந்தவள்

திருவொற்றியூரில் ரயில் கிளம்பியதும் பின்னாலிருந்து ஓர் அம்மா, "வெக்கமா இல்ல?" என்று கத்தினார். என்னைத்தான் என்று நம்பி, டிக்கெட்டைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. திட்டு வாங்கியவர், அரிசி மூட்டையோடு அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்த சபைக்காரர்.

"நெட்டுக்குப்பத்துல மூணு நாளா யாரும் கடலுக்குப் போவல பிரதர். என் பக்கத்து வூட்டு லட்சுமிக்கு ஏன் அரிசி இல்லன்ன?"

"கூட்டத்துல கடைசி ஜெபத்துக்கு முன்னாடியே எழுந்து போய்ட்டாங்க சிஸ்டர். ஜெபம் முடிஞ்சாதான் அரிசி டோக்கன்."

"கொயந்த அய்துகினு கீதுன்னு போனா. ஏசப்பா டோக்கன் பாத்தா ரொட்டி குடுத்தாரு?"

"அவரும் மொதல்ல பிரசங்கம் பண்ணாரே."

"பண்ணாரு. பாதில எழுந்தவன் பேர அடிச்சாரா? நானும் அதே சபைதான். இனிமே எந்த மூஞ்சிய வெச்சுகினு அவகிட்ட ஏசப்பா நல்லவருன்னு சொல்லுவேன்?"

டிக்கெட்டை நான் இன்னும் இறக்கவில்லை.

"ரூல்ஸ் நான் போடல சிஸ்டர். மீந்த அரிசி அடுத்த ஊர் கூட்டத்துக்குப் போவுது."

"அங்க போய் அன்பப் பத்திப் பேசுவியா நைனா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெட்டுக்குப்பத்துக்கு இறங்கவேண்டிய எண்ணூரில் அந்த அம்மா மூட்டையைத் தானே தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். பிரதர் தடுக்கவில்லை. எழுந்து ஒரு கை கொடுக்கவும் இல்லை.