வெறும் வண்டியின் உறுமல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கரண்ட் இப்போதைக்கு வராது. பயந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்... என் தோழி ஒதாலிஸின் தம்பி மகன் எவெலியோவுக்கு நடந்தது இது.

நல்ல உச்சி வெயில். ஒல்கின் நகரத்துக்குப் போகிற வழி, ரெண்டு பக்கமும் கரும்பு. ஈ காக்கை இல்லை. எவெலியோ தன் பழைய ரஷ்யக் காரில் தனியாக வருகிறான். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி மரிசெலையும் பச்சைக் குழந்தையையும் வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். வேறு வண்டி கிடைக்கவில்லை. இதிலோ, ஆள் ஏறினால் பின்பக்க வலது சக்கரம் உறுமுகிறது. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும்.

மெக்கானிக் நிவால்தோ சொல்லியிருந்தான். "வெறும் வண்டியா ஓட்டு. இடப்பக்கம் ஒடிச்சா பாரம் வலது சக்கரத்துல விழும். அப்ப காதக் குடு. உன் வண்டிக்கு உங்கப்பன் வயசு, பதமா வா மாப்ள."

ஒடித்தான். சத்தமில்லை. மறுபடி ஒடித்தான்... இல்லை.

பூட்டிக் கிடக்கும் சர்க்கரை ஆலை வந்தது. அதன் வாசலில் இருக்கும் பஸ் நிறுத்தத்தில் எப்போதும் நாலு பேர் கைகாட்டி நிற்பார்கள். ஏற்றாமல் போகிறவனை நம் பக்கத்தில் மனிதனாக மதிப்பதில்லையே. அவன் காது முழுக்கச் சக்கரத்தில். கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. நாக்கும் தானாகச் சொல்லிவிட்டது.

"இடம் இருக்கு, ஏறுங்க. கதவ மெதுவா."

பிறகுதான் பார்த்தான். நிறுத்தத்தில் யாருமில்லை.

க்ளிக்... பின்கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. காய்ச்சின பாகு வாசம். ஆலை மூடி எத்தனையோ வருஷம்.

வண்டியை எடுத்தான். ஒடிக்கவே இல்லை, நேர் ரோடு... ம்ம்ம்ம் என்று வலது சக்கரம் உறுமியது.

அன்று சாயங்காலமே நிவால்தோ வந்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கிப் பார்த்தான். டொக் என்று ஒரு தட்டல் கேட்டால் ஆபத்து. கேட்கவில்லை. கையால் சுற்றிவிட்டான். வழவழவென்று ஓடியது. ஆட்டமே இல்லை, பயப்படாமல் பிள்ளையைக் கூட்டி வா என்றான். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே, "உள்ள இருக்கறவங்கள இறக்கிட்டுத் தூக்கியிருக்கலாம்ல. தோள்பட்டையே விட்டுப்போச்சு," என்றான்.

உள்ளே யாருமில்லை என்றான் எவெலியோ.

நிவால்தோ வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தான். இடது சக்கரத்துக்கு மேலே ஒரு கை போகும் இடைவெளி. வலதில் விரல் நுழையவில்லை, ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கிக் கிடந்தது. சிலுவை போட்டுக்கொண்டான். கொடுத்த காபியைக்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் மரிசெல் பின்கதவுப் பக்கம் போனாள். முன்னால் உட்காரச் சொன்னான். ஏனென்று கேட்டாள். அவன் வண்டியை எடுத்தான். வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் அந்த உறுமல்... அவன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

வீட்டு வாசலில் நின்றார்கள். மரிசெல் இன்னும் காலைக் கீழே வைக்கவில்லை. கிறீச்... வண்டியின் வலப்பக்கம் மெல்ல நிமிர்ந்தது.

அதோடு சரி. இப்போது ஐந்து பேரை ஏற்றினாலும் அந்தச் சக்கரம் வாய் திறப்பதில்லை. தினமும் காலையில் எவெலியோ பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இறங்கிப் போனது திரும்பி ஏறட்டும் என்று வீட்டைப் பார்த்தபடி நிற்கிறான். பிறகு ஓட்டிப் பார்க்கிறான். உறுமாதா, உறுமாதா என்று.

போங்கள், படுங்கள். உங்கள் வீட்டுத் தொட்டில்கள் நிறைந்திருக்கட்டும். 'வாங்க' என்று நீங்கள் கூப்பிட்டவர்கள் எல்லாரும், கண்ணுக்குத் தெரிகிறவர்களாகவே இருக்கட்டும்.