ஒரு தடவதான் கூப்பிடும்

இல்ல லோகேஸ்வரன் சார், நான் எந்திரிக்க மாட்டேன். தேடுற மெஷின அடுத்த பிளோக்குக்கு அனுப்பணும்னா வேற ஆள வச்சு அனுப்புங்க. இந்த ரிமோட்ட நான் குடுக்கறதா இல்ல. கோவமா? ஆமா, கோவந்தான். ரெண்டு வருஷமா உங்க லேப்புல வேல செய்யிறேன், ஒரு நாளாச்சும் கொரல ஒசத்தியிருக்கேனா? ஓகே சார், ஓகே சார்னு தலையாட்டுனவதானே. இன்னிக்கு முடியல. உக்காருங்க. அந்தத் தண்ணிப் பெட்டி மேலயே உக்காருங்க, ஒன்னும் ஆவாது.

தெரியுது சார், திரையெல்லாம் பச்சையாத்தான் இருக்கு. பச்சைன்னா தேடியாச்சு, ஆள் இல்லன்னு அர்த்தம். அந்த அர்த்தத்த எழுதுனதே நாமதானே. அதத்தான் நான் நம்ப மாட்டேங்கறேன்.

மாட்டத் தேடிக்கிட்டு நேத்து பொழுது சாய செம்பனைத் தோட்டத்துக்குள்ள போன மனுஷன். காலையில மாடு வந்துருச்சு, கயித்த இழுத்துக்கிட்டு. ஆளு வரல. அந்தப் பக்கம் சதுப்பு, கால வச்சா இடுப்பு வரைக்கும் போவுது. அதனாலதான தீயணைக்கற பொம்பாக்காரங்க நம்ம மெஷின கேட்டாங்க. அதுவும் சங்கிலிச் சக்கரத்துல நல்லாத்தான் ஊர்ந்து போவுது, அதுல நான் குத்தம் சொல்லல. போவுது, நிக்குது, காணாம போனவரு பேர ஒரு தடவ கூப்பிடுது, மோட்டார அணைச்சுட்டுக் கேக்குது. பதில் வரலன்னா பச்சை. அடுத்த எடம்.

ஒரு தடவ. அங்கதான் சார் தப்பு.

லேப்புலேயே சொன்னேன். மூணு தடவ கூப்பிடட்டும்னு. ஏன்னு கேட்டீங்க, காரணமும் சொன்னேன். பேய்க்கெல்லாம் நாம புரோகிராம் எழுத முடியாதுலா தனேஸ்வரின்னு சிரிச்சீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் ஒரு மாசம், நான் காப்பி கலக்கப் போனா போதும், பவனேஷ் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு என் பேர ஒரு தடவ இழுத்துக் கூப்பிடுவான். நானும் சிரிச்சு வச்சேன். பெட்டரி வீணாவும்னு அந்த வரிய வெட்டிட்டீங்க.

தோட்டத்துல ஆளில்லாத எடத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒடனே கொரல் குடுக்க மாட்டாங்க சார். காத்துக் கருப்பு ஒரு தடவதான் கூப்பிடும். மனுஷன்னா விடாமக் கூப்பிடுவான். மூணாவது தடவ கேட்டாத்தான் ஓய்னு சொல்லணும். நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே இத சொல்லி வச்சுடுவாங்க.

நானா? நான் நம்புறேனா இல்லயாங்கறது வேற கத. நான் இஞ்சினியர். ஆனா ஹோஸ்டல்ல கூட வெளிய நின்னு யாராச்சும் கூப்பிட்டா, முத தடவைக்கு என் வாய் தொறக்காது. எந்தத் தோட்டம்னு நீங்க கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல.

இப்ப யோசிச்சுப் பாருங்க. கால் ஒடஞ்சோ என்னமோ, ராத்திரி பூரா சேத்துல கெடந்த மனுஷன். உச்சி வேள. காக்கா கூட இல்ல. எங்கயோ மட்டைக் குவியலுக்கு அந்தப் பக்கம் ஒரு கொரலு அவரு பேரச் சொல்லுது. தெரிஞ்ச கொரலும் இல்ல, பவனேஷு டீவியில செய்தி வாசிக்கற மாதிரி பேசிப் பதிவு பண்ணுன கொரலு. ஒரு தடவ சொல்லிட்டு கம்முனு நின்னு கேக்குது. நீங்களா இருந்தா பதில் சொல்லுவீங்களா?

இருங்க சார், அதுக்குத்தான் வர்றேன். ஆதாரம் இருக்கு. அந்தப் பெரிய கால்வாய்க் கரையில மெஷின் கூப்பிட்டுட்டு நின்னுச்சு இல்ல? அப்ப ஹெட்போன் என் காதுலதான் இருந்துச்சு. த்தூ, த்தூ, த்தூ. கம்ப்யூட்டர் என்ன எழுதுச்சு? பேச்சு இல்ல, விலங்குன்னு. காட்டுப்பன்னியா இருக்கும்னு நீங்களும் சொன்னீங்க. பன்னி துப்புமா சார்? பயந்தவங்க துப்புவாங்க. கருப்பு அண்டக் கூடாதுன்னு எச்சியத் துப்பி வெரட்டுவாங்க. அவரு அங்கதான் இருக்காரு. நம்ம மெஷின பேயின்னு வெரட்டிவிட்டாரு, அதுவும் சொன்னபடி கேட்டுக்கிட்டு, பச்சைப் புள்ளி வச்சுட்டுப் போயிருச்சு. கண்டுபிடிச்ச ஆளையே விட்டுட்டு வர்ற மெஷினு. இதுக்கா சார் நாம ரெண்டு வருஷம் தூங்காம கெடந்தோம்?

ஆள அனுப்பலாம், நான் வேணாங்கல. ஆனா பலகை போட்டுப் போட்டுத்தான் நடக்கணும், கரை எவ்வளவு நீளம் பாருங்க. அவரு கொரல் குடுத்தாத்தான் எந்தப் பக்கம்னு தெரியும். கடல் பக்கம் மழை இருட்டிக்கிட்டு வருது, பெஞ்சா கால்வாய் ஏறிடும். பெட்டரி இன்னொரு நடைக்குத்தான் தாங்கும்னு நீங்களே சொன்னீங்க. அந்த நடை அடுத்த பிளோக்குக்கு இல்ல. அந்தக் கரைக்கு.

என் கை நடுங்குதா? நல்லாப் பாருங்க. சொந்தக்காரங்கள மெஷின் பக்கம் விட்டா கை நடுங்கி வேலைய கெடுத்துருவாங்க, தடுப்புக் கயித்துக்கு அந்தப் பக்கமே நிக்கட்டும்னு ரூல் போட்டீங்க இல்ல, அத ஞாபகம் வச்சுக்கிட்டு காலையிலேருந்து நடுங்காமதான் ஓட்டுறேன். கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கற ஊதாச் சேலம்மா ஏன் என்னயே பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு கேட்டீங்க, நான் திரையப் பாத்துக்கிட்டேன். அவங்ககிட்ட இன்னும் ஒரு வார்த்த பேசல சார் நான்.

என்ன, சரிங்கறீங்களா? அப்ப ஒதுங்குங்க, திருப்புறேன். அந்த மைக்க இப்படி குடுங்க. பதிவு பண்ணுன கொரலு வேணாம், திரும்பக் கேட்டா இன்னும் பயந்துடுவாரு. நான் கூப்பிடுறேன், மூணு தடவ.

பேரா? காலையில பதிவு பண்ணச் சொன்னப்பவே தொண்ட சரியில்லன்னு தட்டிக் கழிச்சேனே, மறந்துட்டீங்களா? இப்பவும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன் சார். எங்கப்பாவ நான் எப்படி பேர் சொல்லிக் கூப்பிடறது.