கேமராவுக்குத் தெரியாத பத்தொன்பது பேர்

தலைமை ஏற்று, தாமதமானாலும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் கல்வி அதிகாரி ஐயா அவர்களே, இருபது வருஷமாக என் வாயைப் பொறுத்துக்கொண்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, பாடம் சொல்லும் பெருமக்களே, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, தரையில் உட்கார்ந்திருக்கும் என் தங்கங்களே, எல்லாரையும் கடவுள் காக்கட்டும் என்று கும்பிட்டுத் தொடங்குகிறேன்.

பெருக்கித் துடைத்து மணியடிக்கிற என்னை நன்றி சொல்ல ஏற்றியிருக்கிறார்கள். ரெண்டு நிமிஷம் என்றார்கள். நான் ரெண்டு நிமிஷத்தில் முடித்ததாகச் சரித்திரமே இல்லை. சிரிக்காதீங்கம்மா, உண்மையத்தான சொல்றேன்.

ஐந்தாம் வகுப்புச் சுவரில் திரை வந்தது. திரைக்குள் வேறொரு தேசத்துப் பள்ளிக்கூடம் வந்தது. அங்கே விடியல், இங்கே மத்தியானம். ஒரே அளவுக் குச்சியை ரெண்டு மண்ணில் நட்டு, அவரவர் ஊர் உச்சிவெயிலில் நிழலை அளந்து, பூமி உருண்டை என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். எட்டாவதோடு நின்றுபோன நான், துடைப்பத்தைப் பிடித்தபடியே கேட்டு, சாமி படைத்த உலகம் இத்தனை பெரிசா என்று கும்பிட்டேன்.

ஆனால் அந்தக் கேமரா இருக்கிறதே, அதற்கு மூன்று பெஞ்சுதான் தெரியும். பன்னிரண்டு பேர். வகுப்பில் முப்பத்தொரு பேர். "டக்குனு பேசற பிள்ளைங்க முன்னாடி வரட்டும், லைன் கட்டாகறதுக்குள்ள முடிக்கணும்" என்றார் டீச்சர். எதுவரை தெரியும் என்று தரையில் வெள்ளை டேப் ஒட்டச் சொன்னார். ஒட்டியது யார்? இந்தக் கை. முழங்காலிட்டு, சாமி பேரைச் சொல்லி, கோணாமல் ஒட்டினேன்.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் என் தங்கை மகள். பதில் தெரியும், வாய்க்கு வரக் கொஞ்சம் நேரமாகும். வெயிலில் நின்று நிழலை மூன்று முறை அளந்தது அவள். திரையில் வாசித்தது முன் பெஞ்சு. கைதட்டு வாங்கியது முன் பெஞ்சு.

போன மாசம் அந்த நாட்டுப் பிள்ளைகள் ஒரு புத்தகம் வரைந்து அனுப்பினார்கள். இன்றைக்கு நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பரிசு வாங்கித் தந்தது அதுதான். 'எங்கள் பன்னிரண்டு நண்பர்கள்'. பக்கத்துக்கு ஒரு முகம். அவர்கள் மேல் என்ன குற்றம்? கண்டதை வரைந்தார்கள். இவள் கடைசிவரை புரட்டினாள். பக்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நகத்தால் பிரித்துப் பார்த்தாள்.

"பெரியம்மா, நாங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதா?"

"அடுத்த தடவை சொல்லிடலாம்டி கண்ணு."

"பரவால்ல, விடுங்க."

பத்து வயசுப் பிள்ளை விடுங்க என்கிறது. நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

மீதிப் பிள்ளைகளைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்க என்று டீச்சரிடம் போனேன். "இப்ப போய்ச் சொன்னா, இத்தனை நாள் மறைச்சீங்களான்னு கேப்பாங்க ஆயாம்மா" என்றார். நீங்க தலையைக் குனியாதீங்க டீச்சர், ஒட்டினவ நான்.

திங்கட்கிழமை யாரையும் கேட்காமல் டேப்பை உரித்தேன். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டேன். பிள்ளைகள் வந்தார்கள். யாரும் சொல்லவில்லை, பத்தொன்பது பேரும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள்.

"முன்னாடி வாடி."

"நாங்க தெரியாத பக்கம், பெரியம்மா" என்றாள், வீட்டு விலாசம் சொல்வதுபோல.

திரை உலகத்தைக் காட்டியதா? காட்டியது. தூரத்தைக் குறைத்ததா? குறைத்தது. மூன்றாம் பெஞ்சுக்கும் நாலாம் பெஞ்சுக்கும் நடுவில் விழுந்த தூரத்தை எந்தக் குச்சி நட்டு அளப்பேன்? தரையில் ஒட்டியதை உரித்தேன். பிள்ளைகள் மனசில் ஒட்டியதை உரிக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இந்தச் சபையில் இருந்தால் எழுந்து சொல்லுங்கள்.

யாருமில்லையா. சரி.

பரிசு தந்தவர்களுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. அந்தப் பன்னிரண்டு பேரும் நல்லா இருக்கட்டும். மீதிப் பிள்ளைகளிடம் நன்றி சொல்ல எனக்கு வாயில்லை, மன்னிப்புத்தான் கேட்கிறேன். வருகிறேன், வணக்கம்.